வெள்ளைக்கு இரைச்சல் அதிகம்

பிளாஸ்மா டிவியைப் படுக்கவைத்துத் தூக்கக்கூடாது, டாக்டரம்மா. உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்து, கட்டிலைத் தூக்குவதுபோல ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கண்ணாடி தன் பாரத்திலேயே விரிசல் விடும். எந்த அறையில் வைத்திருக்கிறீர்களோ, நிமிர்த்திச் சுவரோரமாக வைக்கச் சொல்லுங்கள். எனக்காக இல்லை. அதில் பதிந்திருப்பதைத்தானே நீங்கள் சாட்சி என்கிறீர்கள், அதற்காக.

நீங்கள் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, சட்டம் படித்த டாக்டர் என்று தெரியும். அதனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் இலாரியா. எல் ஆல்டோவில், பேருந்து கடைசியாகத் திரும்புகிற முனைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. என் புருஷன் செவெரோ இருபத்துமூன்று வருஷம் தகரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் அடைத்துக்கொண்டது. கடைசி ஏழு வருஷம் பின்னறைக் கட்டிலைவிட்டு அவர் இறங்கவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், அந்தப் பக்கம் மாற்றுக்கு ஒன்று. ஒன்று தீர்ந்தால் ஸ்பேனரை வைத்து மற்றதைத் திறந்து குழாயை மாற்றவேண்டும். அதற்கு அவரிடம் பலம் இல்லை. அது என் வேலை.

நல்ல மனிதர். என்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள்.

பேசினால் இருமல் வந்துவிடும் என்பதால் கரண்டியால் சிலிண்டரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் காற்று தீரப்போகிறது, மாற்று. மூன்று என்றால் புரட்டிப் படுக்க வை. இரும்பு அல்லவா, கோயில் மணிபோல வீடு முழுக்கக் கேட்கும். நான் முற்றத்தில் துணி துவைத்தாலும் கேட்கும். கையில் நுரையோடு ஓடுவேன். ஏழு வருஷம் ஓடினேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எத்தனை வருஷம் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

டிவி வந்தது இவருக்காகத்தான். என் மகள் நொயெமியின் ஞானத்தந்தை ஒவீதியோ லாரி ஓட்டுகிறவர். கீழே கடற்கரையில் இக்கீக்கே போய், கடையில் போட்டுப் பார்த்து, ஐம்பது அங்குலத்தில் எடுத்துவந்தார். அங்கே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியாம். இங்கே நாலாயிரம் மீட்டர் உயரத்தில் சுவரில் மாட்டி, புதுச் சாமானுக்குப் பீர் தெளித்து ஆசி வாங்குகிற கார்னிவல் செவ்வாய் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் அன்றைக்கே பீர் தெளித்து, காகித மாலை சுற்றி, பொத்தானை அழுத்தினால் பம்ப் ஸ்டவ் எரிவதுபோல ஒரு இரைச்சல்.

“தெளிச்ச பீர் உள்ள போயிருச்சு” என்று ஒவீதியோ என்னைத் திட்டினார். ரிப்பேர் பார்க்கிற பிதென்சியோ வந்து பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார்.

“இலாரியாக்கா, இதுல கோளாறே இல்ல. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வாயு அடச்சிருக்கு. கடலோரத்துல வெளிக்காத்து அமுக்கிப் பிடிச்சிக்கும், வாய மூடிட்டுக் கெடக்கும். நம்ம ஊர்க் காத்துல ஏது தெம்பு? கண்ணாடி ஒதறுது. வெள்ளையா எதாச்சும் வந்தா இன்னும் ஒதறும்.”

“ரிப்பேர் பண்ண முடியாதா?”

“ஊரத்தான் ரிப்பேர் பண்ணணும்.”

எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பிளாஸ்மா. துணிக்கடைக்காரர் வீட்டில் பனிமலையைக் காட்டினால் குழந்தை எழுந்து அழும். ரொட்டிக்கடைக்காரி வீட்டில் கல்யாணக் காட்சி வந்தால் நாய் குரைக்கும். வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய படத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

முதல் மாதம் அது செவெரோவின் அறையில்தான் இருந்தது. நாள் முழுக்கக் கால்பந்துச் சேனல். ஒரு நாள் அணைத்த பிறகும் அந்தச் சேனலின் முத்திரை கீழ் மூலையில் மங்கலாக நின்றது. பிதென்சியோ பார்த்துவிட்டு, “தழும்பு விழுந்துருச்சு. ஒரே படத்த நாள்கணக்குல நிறுத்தினா இப்படித்தான். வெளிச்சமா இருந்த எடம் எரிஞ்சு கறுத்துப்போவும், இனி போவாது” என்றார். அதை எல்லாரும் கேட்டோம். நொயெமியும் அப்போது ஊரில்தான் இருந்தாள்.

பிறகு செவெரோவே அதை முன்னறைக்கு அனுப்பிவிட்டார். இருமிக்கொண்டே சிரித்தார்.

“எடுத்துட்டுப் போ இவளே. ஒரு வீட்டுல ரெண்டு பேர் இரையக்கூடாது. கீழ்ச்சீமைச் சாமானுக்கே இங்க மூச்சு முட்டுது பாரு. அதக் கீழ கொண்டுபோய்ட்டா கப்சிப்னு ஆயிரும்.”

“உங்களையும் கொண்டுபோனா?”

“நானும்தான்” என்றார்.

அது வெறும் விளையாட்டுப் பேச்சு. அப்போது இருவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

நொயெமி வேலைக்காகப் புவெனஸ் ஐரெஸ் போனாள். அங்கேயே ஒருவனைப் பார்த்து, போன பிப்ரவரியில் கல்யாணம் செய்துகொண்டாள். நான் போகவில்லை. எப்படிப் போவேன்? சிலிண்டரை யார் திருப்புவது? ஏப்ரல் மாதம் கல்யாண டிவிடியை அனுப்பினாள். எங்களிடம் பெயர் தெரியாத ஒரு டிவிடி இயந்திரம் இருந்தது. நிறுத்திவைத்தால் மேல் மூலையில் ‘பௌசா’ என்று எழுதிக் காட்டும். முழுதாக அணைத்துப்போட்டால் மறுபடி முதலிலிருந்துதான் ஓடும்.

படம் ஒரு மணி நேரம் ஓடுமாம். நான் பார்த்தது நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தைப் பதினேழு முறை பார்த்தேன். கோயில், மோதிரம், காகிதத் தூள், சாப்பாட்டு மண்டபம். மாப்பிள்ளையின் அம்மா என் இடத்தில் நின்று என் மகளோடு ஆடுகிறாள், நல்ல பச்சைப் பாவாடை, காலைத்தான் தப்பாக வைக்கிறாள். பிறகு நொயெமி கேமராவைப் பார்த்து நேராக நடந்து வருகிறாள். கிட்டே, கிட்டே, திரையில் பெரும்பகுதி அவள் கல்யாண உடுப்பின் வெள்ளை. தலையில் வெள்ளைப்பூ, கையில் பூச்செண்டு. நின்று, வாயைத் திறக்கிறாள், “அம்மா” என்கிறாள்.

அதற்குள் டங். ஒவ்வொரு முறையும் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் என்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு முறை கதவு தட்டியது, ஒரு முறை மின்சாரம் போனது, மற்றதெல்லாம் டங். போய் வருவேன். வந்தால் உருளைக்கிழங்கு உரிக்கவேண்டியிருக்கும். நொயெமி போனில் கேட்டாள், “பாத்தியாம்மா?” என்று. பார்த்தேன், அழகாக இருந்தது என்றேன். பதினேழு முறை பார்த்தும் முடிவுக்கு வரவில்லை என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? சரிம்மா என்று போனை வைத்துவிட்டாள்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், அவர் தட்டுவது கேட்டு, அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னறைக்குப் போகத் திரும்பினேன். திரையில் பெரும்பகுதி வெள்ளை அல்லவா, இரைச்சல் உச்சத்தில் இருந்தது. சுவருக்கும் டிவிக்கும் இடையில் விழுந்த ரிமோட்டை எடுக்கக் குனிந்தேன். காது கண்ணாடி ஓரத்தில் பட்டது. அப்போது கவனித்தேன். தட்டும் சத்தம் இல்லை. முற்றத்தில் கேட்டது, தெருவில்கூடக் கேட்டது, இங்கே கேட்கவில்லை. அந்த வீட்டில் அது ஒன்றுதான் அப்படி ஒரு இடம். நான் கொஞ்சநேரம் அங்கேயே குனிந்திருந்தேன். சுகமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

எடுத்த எடுப்பில் யாரும் எதையும் செய்துவிடுவதில்லை. முதலில் ஒற்றைத் தட்டுக்குப் போகாமல் ஐந்து நிமிஷம் இருந்து பார்த்தேன். தண்ணீர்தானே. போனபோது, “டிவி இரைச்சல்ல கேக்கலையா?” என்றார், கோபமே இல்லாமல். கேட்கவில்லை என்றேன். மறுநாள் மூன்று தட்டுக்கு அரை மணி. இந்தக் காரணத்தை எனக்கு எடுத்துக்கொடுத்தது அவர்தான், பாருங்கள். அதற்குப் பிறகு நான் புதிதாக எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவருக்குச் சோளக்கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு வந்து படத்தைப் போட்டேன். அந்த இடம் வந்தது. “அம்மா” என்றாள். நிறுத்தினேன். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, காதைக் கண்ணாடி ஓரத்தில் வைத்துக்கொண்டேன். அன்று முழுதும் பார்த்துவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் கொஞ்சம் அமைதி, பிறகு படம் என்று நினைத்தேன்.

பிறகு ஓடவிட முடியவில்லை. ஓடவிட்டால் படம் மாறும், வெள்ளை போகும், இரைச்சல் குறையும். குறைந்தால் தட்டுவது கேட்கும். அல்லது கேட்காது. இரண்டில் எது நடந்தாலும் எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே அப்படியே விட்டேன். படம் நின்றுகொண்டுதானே இருக்கிறது, நின்ற படத்தில் எதுவும் நடப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். மகள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பின்னறைக்குப் போனேன். கரண்டி தரையில் கிடந்தது. எடுத்துக் கழுவி வைத்தேன். அவர் கண்களை மூடிவிட்டேன், கதவையும் மூடினேன். மே மாதக் குளிர் எங்கள் ஊரில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், அந்த அறைக்கு வெயிலும் வராது. வியாழக்கிழமைதான் சந்தை. செவ்வாய்க்கிழமை எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் சொல்ல இடமில்லை. அதனால் வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன். புதன்கிழமை பழக்கத்தில் இருவருக்கும் சூப் வைத்துவிட்டேன்.

வியாழன் காலை டிவியை அணைத்துவிட்டுச் சந்தைக்குப் போய், உருளைக்கிழங்கும் கொஞ்சம் வெங்காயமும் வாங்கிக்கொண்டு, நாத்தனார் ஃபெலிசாவையும் வழியில் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள்தான் முதலில் பின்னறைக் கதவைத் திறந்தாள். தன் அண்ணனைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சுரங்கத்து நெஞ்சு, எப்போது நிற்கும் என்று யார் கண்டார்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மரணச் சான்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நொயெமியால் அடக்கத்துக்கு வந்து சேரமுடியவில்லை.

தழும்பை நான் வியாழன் காலையே பார்த்துவிட்டேன், டிவிடியை அணைத்த பிறகு, டிவியை அணைப்பதற்கு முன்னால். வெள்ளை உடுப்பு நின்ற இடம் கரிய நிழலாக இருந்தது. மேல் மூலையில் ‘பௌசா’. நெய்த சால்வை ஒன்றை எடுத்துத் திரையை மூடி, ஒயரையும் பிடுங்கிவிட்டேன்.

இரைச்சல் நிற்கவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதித்தால் அது. தெருமுனையில் பேருந்து நின்று உறுமினால் அது. அதற்கு அடியில் ஏதாவது தட்டுகிறதா என்று கூர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். வீட்டில் இருந்த கரண்டிகளைப் பையில் போட்டு ஃபெலிசாவிடம் கொடுத்துவிட்டேன், இரவல்போல. ஆறு மாதமாகச் சூப்பைக் கிண்ணத்தோடுதான் குடிக்கிறேன். இங்கே உங்கள் காவலர் சாப்பாட்டோடு ஒரு கரண்டி வைக்கிறார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நவம்பர் முதல் தேதி வந்தது. இறந்த முதல் வருஷம், ஆத்மா மத்தியானம் பன்னிரண்டுக்கு வந்து மறுநாள் பன்னிரண்டுக்குப் போகும். படையல் மேசை போடாமல் இருக்கமுடியுமா? நொயெமி இரண்டு நாள் பேருந்தில் வந்து இறங்கினாள். ஃபெலிசா டிவிக்கு முன்னால்தான் மேசை போட்டாள், வேறு இடம் இல்லை. கரும்பு, ரொட்டியில் செய்த பிள்ளைகள், ஆத்மா ஏறி இறங்க ரொட்டி ஏணி, அவருக்குப் பிடித்த அவித்த உருளைக்கிழங்கு. அக்கம்பக்கத்தார் பதினைந்து பேர். அண்ணன் சுரங்கத் திருவிழாவில் ஆடிய பழைய படத்தைப் போடலாம் என்று அவளாகவே சால்வையை இழுத்தாள், ஒயரைச் சொருகினாள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் உள்ளேயே கிடந்த கல்யாண டிவிடியின் முதல் பக்கம் வந்துவிட்டது, வெள்ளையாக.

இரைச்சல் எழுந்தது. வெள்ளைக்கு நடுவில் கரியதாக ஒரு உருவம்.

“அய்யோ அண்ணே!” என்று ஃபெலிசா மண்டியிட்டாள். “வந்துட்டியா! பாருங்க, போஞ்சோ போத்திட்டு வந்திருக்கான்! கையில சுரங்க விளக்கு!”

அகல விரிந்த உடுப்பு போஞ்சோப் போர்வையாகவும், பூச்செண்டு விளக்காகவும், தலைப்பூ தலைக்கவசமாகவும்தான் தெரிந்தன. அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது. அது வரவேண்டிய நேரம், வரவேண்டிய வீடு.

“மேல என்னமோ எழுதியிருக்கே?” என்றார் துணிக்கடைக்காரர்.

“பௌசான்னு போட்டிருக்கு. ஓய்வுங்குறான். எல்லா வேலையும் முடிஞ்சுது, ஓஞ்சு கெடக்கேன்னு சொல்றான்.”

ரொட்டிக்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எங்க வீட்டுக்காரரு வருசா வருசம் ஈ ரூபத்துலதான் வர்றாரு. உனக்கு அகலத் திரையில வந்திருக்காரு, குடுத்துவச்சவ” என்றாள். அழுதுகொண்டே சிரித்தார்கள். மெழுகுவத்தி ஏற்றினார்கள். அது என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆனாலும் அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கும் அது செவெரோவாகத்தான் தெரிந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடுவதுபோல இருந்தது.

நொயெமி மட்டும் மண்டியிடவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆத்மாவை வழியனுப்பி, ரொட்டியைப் பங்கிட்டு, எல்லாரும் போன பிறகு, சுவரிலிருந்த தன் கல்யாணப் புகைப்படத்தைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“அம்மா, இது அப்பா இல்ல. இது நான்.”

நான் ரொட்டித் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

“எத்தன நாளு நிறுத்தி வச்சிருந்த?”

“சந்தைக்குப் போனப்ப அணைக்க மறந்துட்டேன்.”

“சந்தைக்குப் போய்வர நேரத்துல தழும்பு விழாது. பிதென்சியோ மாமாகிட்ட கேட்டேன். இவ்ளோ ஆழமா விழணும்னா ரெண்டு நாளாவது ஆகும்னாரு.” புகைப்படத்தை மேசையில் வைத்தாள். “இதுக்கப்புறம் நான் என்ன சொல்றேன்னாவது பாத்தியா?”

டிவிடியை அவளே போட்டாள். அந்த இடத்துக்கு ஓட்டினாள். வெள்ளை உடுப்பில் என் மகள் நடந்துவந்து, தன் கரிய நிழலுக்குள்ளேயே சரியாகப் போய் நின்றாள். “அம்மா” என்றாள். இந்த முறை யாரும் தட்டவில்லை.

“அம்மா, அப்பா, உங்களுக்கு ஒரு ரூம் எடுத்திருக்கோம். கீழ்வீடுதான், படியே கெடையாது. இங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், கடல்மட்டத்துக் காத்துல அப்பாவுக்கு இவ்ளோ செரமம் இருக்காதாம், சிலிண்டர்கூட வேணாம்னு ஆனாலும் ஆயிருமாம். எப்ப வர்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க, பஸ்ஸுக்கு நாங்க பாத்துக்கறோம்.” சொல்லிவிட்டு, திரையிலிருந்தவள் சிரித்து, நிழலைவிட்டு விலகி ஆடப் போனாள். நிழல் அங்கேயே நின்றது.

“போன்ல கேட்டேன். பாத்தேன், அழகா இருந்துதுன்ன. அவ்ளோதான் சொன்ன. வர இஷ்டமில்லபோலன்னு நெனச்சு நான் வாய மூடிக்கிட்டேன்” என்றாள் நொயெமி. அன்று மாலைப் பேருந்துக்கே கிளம்பிவிட்டாள்.

புகார் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காகிதம் உங்கள் மேசையில் தலைகீழாக இருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

நான் செய்தேன். இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்பேனர் என் இடுப்புத்துணியில் இருந்தது, மாற்றுச் சிலிண்டர் நிறைந்திருந்தது, பின்னறை எட்டு அடி தூரம். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் நான் சொல்கிறபடி எழுதுங்கள், ஏனென்றால் அதை நொயெமி படிப்பாள். அந்த இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று எழுதுங்கள். அது சத்தியம். பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும் வரை, இரண்டிரண்டாக நாற்பத்தாறு முறை, அதில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. கடைசியில் வந்தது ஒரே ஒரு தட்டு. ஒன்று என்றால் தண்ணீர்தானே, அப்படியானால் காற்றுக்கு ஒன்றும் குறைவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.